ஆர்ட் தெரபிஸ்ட்னா யாரு? படம் வரைஞ்சா மனநோய் சரியாகுமா?

சங்கரன்கோவில் சங்கரநாராயணர் கோயிலுக்குப் போனவங்களுக்கு இது தெரியும். கோமதி அம்மன் சன்னதிக்கு முன்னால் தரையில் ஒரு சக்கரம் இருக்கிறது. அதில் உட்கார்ந்து வேண்டிக்கொண்டால் மனக்கோளாறு தீரும் என்பது பல தலைமுறை நம்பிக்கை. மகனையோ, அக்காவையோ அங்கே உட்கார வைத்துவிட்டுப் பக்கத்திலேயே காத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. அதே குடும்பங்கள் திருநெல்வேலி ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் பஸ் ஏறுகின்றன. இரண்டும் சேர்ந்தே நடக்கிறது.

மருந்து ஆரம்பித்த பிறகு பல வீடுகளில் கேட்கும் குறை ஒன்று உண்டு. "கத்துறது நின்னுடுச்சு, தூங்குறான். ஆனா பேசவே மாட்டேங்கிறான், ஒரே இடத்தில உட்கார்ந்திருக்கான்." மனச்சிதைவு நோயில் இது மிகவும் சாதாரணம். காதில் குரல் கேட்பது, சந்தேகப்படுவது போன்றவற்றை மாத்திரை ஓரளவு அடக்கிவிடும். ஆர்வமின்மை, பேச்சு குறைவது, ஆட்களிடமிருந்து ஒதுங்குவது ஆகியவை அவ்வளவு எளிதில் போகாது. ஆர்ட் தெரபிஸ்ட் வேலை செய்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

டிராயிங் மாஸ்டரா?

இல்லை. சிகிச்சைக் குழுவில் ஒருத்தர். பெரியவர்களுக்கான மனநல சிகிச்சையில் வழக்கமான அமர்வு எப்படி இருக்கும் என்றால், ஆறேழு பேர், ஒரே அறை, வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம். மேசையில் பேப்பர், கிரேயான், பெயின்ட், களிமண், பழைய பத்திரிகை. முதல் பாதியில் அவரவர் விருப்பப்படி ஏதாவது செய்யலாம், செய்யாமலும் இருக்கலாம். பிறகு, விருப்பம் இருந்தால், அதைப் பற்றிப் பேசலாம்.

நேரமும் அறையும் மாறாமல் இருப்பது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் உலகமே தனக்கு எதிராக இருக்கிறது என்று நினைக்கிற ஒருவருக்கு, போன வாரம் வைத்த படம் இந்த வாரமும் அதே இடத்தில் பத்திரமாக இருப்பது பெரிய விஷயம். எந்தப் பொருளை யாருக்குக் கொடுப்பது என்பதிலும் கவனம் வேண்டும். மிகவும் பதற்றமாக இருப்பவருக்கு வழிந்தோடும் பெயின்ட்டைவிட பென்சில் கைக்கு அடங்கும். வார்டில் கத்தரிக்கோல் இருந்தால், உள்ளே போனபோது எத்தனை, வெளியே வந்தபோது எத்தனை என்று எண்ணியாக வேண்டும்.

இன்னொரு தப்பான எண்ணமும் இருக்கிறது. "கருப்பு கலர் அடிச்சா டிப்ரஷன், கதவில்லாத வீடு வரைஞ்சா தனிமை" என்று ரீல்ஸில் ஓடுகிறதே, அது இந்த வேலை இல்லை. படத்துக்கு அர்த்தம் சொல்ல வேண்டியவர் வரைந்தவர்தான். தெரபிஸ்ட் கேட்பது "இதைப் பத்திச் சொல்றீங்களா?" என்ற அளவுக்குத்தான். பதில் வராவிட்டால் அடுத்த வாரம் பார்த்துக்கொள்வார்.

எங்கே ஆரம்பித்தது?

பிரிட்டனில். காசநோய்க்காக மருத்துவமனையில் படுத்திருந்த ஓவியர் ஏட்ரியன் ஹில், படம் வரைவது தனக்கும் மற்ற நோயாளிகளுக்கும் தெம்பு தருவதைப் பார்த்தார். 1942-ல் 'ஆர்ட் தெரபி' என்ற பெயரை வைத்தவர் அவர்தான். 1946-ல் நெதர்ன் மனநல மருத்துவமனையில் எட்வர்ட் ஆடம்சன் என்ற ஓவியர் வேலைக்குச் சேர்ந்தார். இன்று அங்கே முதுநிலைப் படிப்பு முடித்து, அரசு அங்கீகரித்த பதிவேட்டில் பெயர் இருந்தால்தான் ஒருவர் தன்னை ஆர்ட் தெரபிஸ்ட் என்று சொல்லிக்கொள்ள முடியும். மற்றவர்கள் சொன்னால் சட்டப்படி குற்றம்.

உண்மையிலேயே பலன் இருக்கா?

இங்கேதான் கொஞ்சம் நிதானம் வேண்டும். பிரிட்டனில் மனச்சிதைவு உள்ள 417 பேரை வைத்து நடந்த 'மாட்டிஸ்' என்ற ஆய்வு 2012-ல் வெளியானது. வழக்கமான சிகிச்சையோடு வாராவாரம் ஆர்ட் தெரபி குழுவிலும் சேர்க்கப்பட்டவர்களுக்கு, இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோது, மற்றவர்களைவிடக் கூடுதல் முன்னேற்றம் தெரியவில்லை. குழுவில் இடம் கிடைத்த பலர் ஒழுங்காக வரவும் இல்லை. அதே நாட்டின் சிகிச்சை வழிகாட்டுதல், ஆர்வமின்மை போன்ற அறிகுறிகளுக்குக் கலைவழி சிகிச்சையைப் பரிசீலிக்கலாம் என்று 2009-லிருந்து சொல்லி வருகிறது. அதனால் "வரைஞ்சா குணமாகிடும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. மாத்திரைக்கு பதிலாக இது என்று சொன்னால் அந்த இடத்தைவிட்டுக் கிளம்பிடுங்க.

நம்ம ஊர் ஆய்வு ஒன்றையும் இதோடு வைத்துப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 பேரை பெங்களூரு நிமான்ஸ் மருத்துவர்கள் கவனித்து, 2002-ல் எழுதினார்கள். சில வாரங்கள் தங்கியதில் நோய் அறிகுறிகளின் அளவு கிட்டத்தட்ட 20% குறைந்திருந்தது. பயமுறுத்தாத, மதிப்போடு நடத்துகிற இடம் கிடைத்ததே காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. ஆர்ட் தெரபி அறையும் கொடுக்க நினைப்பது அதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் எல்லா இடமும் அப்படி இருப்பதில்லை. 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி ஏர்வாடியில் காப்பகம் ஒன்றில் பிடித்த தீயில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது.

தமிழ்நாட்டில் இந்த வேலை கிடைக்குமா?

கஷ்டம்தான். மாவட்ட மனநலத் திட்டத்தின் குழுவில் மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர், செவிலியர் இருக்கிறார்கள். ஆர்ட் தெரபிஸ்ட் என்று தனிப் பணியிடம் கிடையாது. வாய்ப்பு பெரும்பாலும் தனியார் மருத்துவமனை, தொண்டு நிறுவனம், சொந்த கிளினிக் என்றுதான் இருக்கிறது, அதுவும் பெரிய நகரங்களில். சென்னை, பெங்களூரு, மும்பை, புனே பக்கம் டிப்ளமோக்கள் உண்டு. துணை மருத்துவத் தொழில்களுக்கான 2021 தேசிய ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் ஆர்ட் தெரபிஸ்ட் பெயரும் வந்திருக்கிறது. அது ஒரு தொடக்கம். இப்போதைக்கு வார இறுதி ஒர்க்‌ஷாப் முடித்தவரும் போர்டு மாட்டிக்கொள்கிறார் என்பதால், நோயாளியைக் கூட்டிப்போகும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். எங்கே, எத்தனை வருஷம் படிச்சீங்க? மனநல மருத்துவரோடு சேர்ந்து வேலை செய்றீங்களா? உங்க வேலையை மேற்பார்வை பண்றது யாரு?

வரைந்த படம் யாருக்குச் சொந்தம்?

வரைந்தவருக்கு. நோயாளியின் படங்களை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவதும், அனுமதியில்லாமல் கண்காட்சி வைப்பதும் தவறு. சிகிச்சையில் இருப்பவரின் போட்டோவையோ விவரத்தையோ அவர் சம்மதமின்றி ஊடகங்களுக்குக் கொடுக்கவும் 2017 சட்டம் தடை விதிக்கிறது. இது எங்களைப் போன்ற சேனல்களும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம்.

வீட்டில் யாருக்காவது உதவி தேவைப்பட்டால் 14416 என்ற எண்ணுக்கு எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள். பக்கத்து அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் எந்தக் கிழமை வருகிறார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆர்ட் தெரபி பற்றியும் அவரிடமே முதலில் கேட்கலாம்.