பேத்தை மீன்

பேத்தை என்பது டெட்ராடோன்டிடே குடும்பத்து நச்சு மீன்களுக்குத் தமிழகக் கடற்கரையில் வழங்கும் பெயர். ஆபத்தை உணர்ந்தால் இவை நீரையோ காற்றையோ விழுங்கி வயிற்றை உப்பச் செய்யும். இக்குடும்பத்தின் லாகோசெபாலஸ் ஸ்கெலெராட்டஸ் என்ற இனத்துக்கு இந்தியப் பெருங்கடலும் மேற்குப் பசிபிக் கடலும் பூர்விகம். மத்தியதரைக் கடலில் இன்று மிகவும் அஞ்சப்படும் ஆக்கிரமிப்பு மீன்களில் அதுவும் ஒன்று. அதை அறிந்த கரையில் அது வெறும் கழிவு. அறியாத கரையில் உயிரைக் குடித்திருக்கிறது.

தோற்றம்

லாகோசெபாலஸ் ஸ்கெலெராட்டஸ் 1 மீட்டருக்கு மேலும் வளரும். பசுமை கலந்த பழுப்பு முதுகில் கரும்புள்ளிகள் இருக்கும். பக்கவாட்டில் வால்வரை வெள்ளிப் பட்டை ஓடும். சாதாரண மீன்களுக்குரிய செதில் கிடையாது. வெள்ளை வயிற்றைத் தடவினால் நுண்முட்கள் உறுத்தும். மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு பற்கள் சேர்ந்து கிளி அலகு போல் அமைந்திருக்கும். வலையை அறுக்கவும் தூண்டில் நரம்பைக் கடித்துத் துண்டாக்கவும் இந்தப் பற்களே கருவி. துருக்கியில் ஒரு குழந்தையின் விரல் நுனியை இம்மீன் கடித்துத் துண்டித்தது ஆய்விதழில் பதிவாகியுள்ளது.

நஞ்சு

பேத்தையின் நஞ்சு டெட்ரோடோடாக்சின். ஜப்பானிய அறிவியலாளர் யோஷிசுமி தஹாரா 1909-இல் இதற்குப் பெயரிட்டார். மீன் இதைத் தானே சுரப்பதில்லை. பாக்டீரியாக்கள் உண்டாக்கும் நஞ்சு இரை வழியாக உடலில் சேர்கிறது. கல்லீரல், சினை, குடல், தோல் ஆகியவற்றில் பொதுவாக மிகுதி. சில இனங்களில் சதையிலும் உண்டு. குழம்பில் கொதித்தாலும், எண்ணெயில் பொரித்தாலும், கருவாடாகக் காய்ந்தாலும் வீரியம் போகாது. வளர்ந்தவர் உயிரைப் பறிக்க 1 முதல் 2 மில்லிகிராம் போதும்.

நரம்பணுக்களின் சோடியம் வழிகளை நஞ்சு அடைத்துவிடுகிறது. உண்ட சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ உதடும் நாக்கும் மரத்துப்போகும். வாந்தி, தள்ளாட்டம், பேச்சுக் குழறல் தொடரும். பின்னர் கைகால் செயலிழந்து, மூச்சுத் தசைகளும் நின்றுவிடலாம். பல நேரங்களில் நோயாளிக்கு நினைவு மட்டும் தெளிவாக இருக்கும். மாற்று மருந்து கிடையாது. செயற்கைச் சுவாசத்தில் முதல் 24 மணி நேரத்தைக் கடந்தவர்கள் பெரும்பாலும் பிழைக்கிறார்கள்.

கடல் தாண்டிய பரவல்

செங்கடலிலிருந்து சூயஸ் கால்வாய் வழியே சென்ற லாகோசெபாலஸ் ஸ்கெலெராட்டஸ், மத்தியதரைக் கடலில் முதலில் 2003-இல் துருக்கியின் கோகோவா வளைகுடாவில் பதிவானது. பின்னர் கிரீஸ், சைப்ரஸ், துனிசியா, இத்தாலி எனப் பரவியது. இஸ்ரேலில் 2005 முதல் 2008 வரை 13 பேர் நஞ்சேறி மருத்துவமனை சென்றனர். கிழக்கு மத்தியதரைக் கரையில் உயிரிழப்புகளும் நேர்ந்தன. ஐரோப்பிய ஒன்றியம் இக்குடும்ப மீன்களை விற்கத் தடை விதித்துள்ளது. மீனைக் குறைக்க, துருக்கி அரசு வாலுக்கு இவ்வளவு என்று மீனவர்களுக்குப் பணம் தருகிறது.

இந்தியக் கடல்களில்

தமிழகக் கடலில் கிடைக்கும் லாகோசெபாலஸ் லூனாரிஸ் சதையிலேயே நஞ்சுள்ள இனம். கேரளக் கடலில் 2007-க்குப் பின் லாகோசெபாலஸ் இனெர்மிஸ் பெருகி வலைகளைக் கிழித்தது. அதை வேட்டையாடும் கடல் விரால் குறைந்ததே காரணம் என்று 2013-இல் வெளியான ஆய்வு கூறியது.

வடசென்னையில்

காலடிப்பேட்டைக்கு அருகிலுள்ள காசிமேடு துறைமுகத்தில், விசைப்படகுகளின் இழுவலையில் வரும் பேத்தை உணவு மீனோடு சேர்க்கப்படுவதில்லை. மீனைப் பார்த்தே ஒதுக்கும் இந்தப் பழக்கம்தான் நுகர்வோருக்கு முதல் காவல். தலையும் தோலும் நீங்கிய துண்டில் அக்காவல் பயன்படாது. காவல் தவறினால் என்ன நேரும் என்பதற்கு வெளிநாட்டுச் சான்றுகள் உண்டு. வங்கதேசத்தில் 2008-இல் பேத்தை உண்டு 141 பேர் பாதிக்கப்பட்டு, 17 பேர் இறந்தனர். 2007-இல் சிகாகோவில் வேறொரு மீனின் பெயரில் விற்ற பேத்தை சிலரை நோயில் தள்ளியது.

பேத்தை இங்கு அந்நிய மீன் அல்ல; வடசென்னைப் பகுதி நீர்நிலைகளைத் தொல்லைப்படுத்தும் அந்நிய உயிரி வேறு. எண்ணூர், பழவேற்காட்டு மீனவர்கள் காக்கா ஆழி என்றழைக்கும் தென்னமெரிக்கச் சிப்பி, அடித்தளத்தில் கம்பளமாகப் படர்ந்து இறாலையும் மீனையும் விரட்டுகிறது. கப்பல்களோடு வந்திருக்கக்கூடும் என்று கருதப்படும் இது, மனிதரின் பிழைப்பைக் கெடுக்கும் வகை. பேத்தை உயிரையே எடுக்கும் வகை.

பாதுகாப்பு

மீனை முழுதாகப் பார்த்து வாங்கி, பிறகு வெட்டச் சொல்வது நல்லது. விலை மலிவான, பெயர் தெரியாத தோலுரித்த துண்டுகளைத் தவிர்க்க வேண்டும். பேத்தையின் ஈரலை நீக்கிச் சமைத்தால் போதும் என்பது தவறான நம்பிக்கை. பூனை, நாய்க்கும் போடக் கூடாது. மீன் சாப்பிட்டபின் உதடு மரத்தால் வீட்டு வைத்தியத்தில் நேரம் கடத்தாமல் 108-ஐ அழைக்க வேண்டும். செயற்கைச் சுவாச வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்கு, மிச்சமுள்ள மீனையும் எடுத்துக்கொண்டு செல்ல வேண்டும். வடசென்னையினருக்கு அருகில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை உள்ளது. அதே மீனை உண்ட மற்றவர்களையும், அறிகுறி தெரியாவிட்டாலும், மருத்துவர் பார்ப்பது அவசியம்.