மாட்டுவண்டிகள் வந்த வருஷத்துப் படம்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியில் 'பட்டிக்காடா பட்டணமா' போட்டார்கள். பத்து நிமிஷம் பார்த்துவிட்டு எழுந்து போகலாம் என்றுதான் உட்கார்ந்தேன். சாயங்காலம் காப்பி வரும் வரைக்கும் எழுந்திருக்கவில்லை. நம் வயதுக்காரர்களுக்கு அந்தப் படத்தைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் அது வந்த வருஷத்தையும் கோயம்புத்தூரையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் சில விஷயங்கள் தோன்றுகின்றன. அவற்றை எழுதி வைக்கிறேன்.

படம் வந்தது 1972 மே மாதம். பி. மாதவன் டைரக்‌ஷன், பாலமுருகன் வசனம், எம்.எஸ். விஸ்வநாதன் இசை. கலர்ப் படங்கள் பெருகிவிட்ட காலத்தில் வந்த கறுப்பு வெள்ளைப் படம், ஆனாலும் கூட்டத்துக்குக் குறைவில்லை. அந்த ஆண்டின் சிறந்த தமிழ்ப் படம் என்று தேசிய விருதும் வாங்கியது. சோழவந்தான் மூக்கையனாக சிவாஜி. குடுமி, வேட்டி, ஊர்ப் பெரிய மனுஷன், நிலபுலம் உள்ளவன். சீமையில் படித்துவிட்டு வரும் கல்பனாவாக ஜெயலலிதா. கல்பனாவின் அப்பா வி.கே. ராமசாமி, அம்மா சுகுமாரி. அப்பா கிராமத்திலிருந்து போனவர், மூக்கையனுக்குத் தாய்மாமன். அம்மா பட்டணத்து நாகரிகத்தில் ஊறியவள், அந்த வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். முறைப்பையனுக்கும் முறைப்பெண்ணுக்கும் கல்யாணம் நடக்கிறது. கொஞ்ச நாளில் பழக்க வழக்கத்தில் இடிக்கிறது. கல்பனா தன் சிநேகிதர்களைக் கூப்பிட்டு வீட்டில் பார்ட்டி வைக்க, மூக்கையன் கை நீட்டுகிறான். அவள் தாய் வீடு போகிறாள். விவாகரத்துப் பேச்சு, நடுவில் ஒரு குழந்தை, கடைசியில் அவள் திருந்தி வருகிறாள். இடையில் மூக்கையன் 'முகேஷ்' ஆகி ஹிப்பி முடியோடு ஆடுவதும், ராக்கம்மா பாட்டும் யாருக்கும் மறந்திருக்காது.

இந்த மாதிரிக் கதை அதற்கு முன்னாலும் உண்டு. 1963இல் மட்டும் இரண்டு வந்தன. சிவாஜியும் பானுமதியும் நடித்த 'அறிவாளி', ஷேக்ஸ்பியரின் அடங்காப்பிடாரி நாடகத்தைத் தழுவியது. எம்.ஜி.ஆரும் சரோஜாதேவியும் நடித்த 'பெரிய இடத்துப் பெண்', கிராமத்தானுக்கும் பணக்காரத் திமிருக்கும் நடக்கும் போட்டி. ஆக, நடிகர் திலகம் ரசிகர், மக்கள் திலகம் ரசிகர் என்று அடித்துக்கொண்டிருந்த இரண்டு தரப்பாரும் ஒரே கதைக்குத்தான் கை தட்டியிருக்கிறார்கள்.

எனக்கு இந்தக் கதை முதலில் தெரிந்தது சினிமாவில் அல்ல. என் அப்பா மில் வேலைக்காகப் புதுச்சேரி போனவர். அதனால் நான் அங்கே பிரெஞ்சு மீடியத்தில் படித்தேன். வகுப்பில் மோலியேர் நாடகங்கள் பாடம். அதில் ஒன்று 'ஜோர்ஜ் தாந்தேன்'. 1668 ஜூலையில் வெர்சாய் அரண்மனையில், பதினாலாம் லூயி ராஜா நடத்திய விருந்துக் கொண்டாட்டத்தில் முதன்முதலாக ஆடியது. தாந்தேன் வேஷத்தை மோலியேரே போட்டார்.

தாந்தேன் பணக்காரக் குடியானவன். பிரபு வம்சத்தில் பெண் எடுத்தால் தனக்கும் மதிப்பு வரும் என்று ஆசைப்பட்டு, கடனில் மூழ்கிய ஒரு பிரபு வீட்டில் ஆஞ்ஜெலிக் என்ற பெண்ணைக் கட்டிக்கொள்கிறான். பணம் அவனுடையது, வம்சம் அவர்களுடையது. அவள் வேறொருவனோடு பேசுகிறாள், பழகுகிறாள். மாமனார் மாமியாரிடம் இவன் முறையிடப் போகிறான். போகிற ஒவ்வொரு தடவையும் அவள் சாமர்த்தியமாகத் திருப்பிவிட, குற்றம் சொல்லப் போனவனே மன்னிப்புக் கேட்டுவிட்டு வருகிறான். கடைசியில் நடுராத்திரியில் இவனே வீட்டுக்கு வெளியில் நின்று, மண்டியிட்டு மன்னிப்புக் கேட்கிறான். இனி ஆற்றில் குதிப்பதுதான் வழி என்று சொல்லிக்கொண்டு போவதோடு நாடகம் முடிகிறது. இதுவும் நகைச்சுவை நாடகம்தான்!

அந்த மாமனார் குடும்பத்துக்கு மோலியேர் வைத்த பெயர் சோத்தான்வீல். பிரித்துப் படித்தால் பிரெஞ்சில் 'பட்டணத்து மடையன்' என்று வரும். எங்கள் வாத்தியார் கரும்பலகையில் அதைப் பிரித்து எழுதிக் காட்டியபோது வகுப்பே சிரித்தது. பட்டிக்காட்டானையும் பட்டணத்தானையும் ஒரே நாடகத்தில் மோலியேர் கிண்டல் செய்திருக்கிறார். அதற்கு மேல் இன்னொன்றும் செய்தார். ஆஞ்ஜெலிக்கை ஒரு இடத்தில் வாய் திறந்து பேச விட்டார். கல்யாணத்துக்கு முன்னால் நீ என் அப்பா அம்மாவின் சம்மதத்தைத்தானே கேட்டாய், என் சம்மதத்தைக் கேட்டாயா என்ற பொருளில் அவள் புருஷனிடம் பேசுகிறாள். நடத்தையில் அவள் செய்வது சரியென்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அந்தக் கேள்விக்குத் தாந்தேனிடம் பதில் இல்லை. பதினைந்து பதினாறு வயதில் எனக்கு அது பெரிதாகப் படவில்லை. மண்டியிடுகிற காட்சிதான் ஞாபகத்தில் நின்றது.

இனி கோயம்புத்தூருக்கு வருகிறேன். தாந்தேன் கதையில் இரண்டு குடும்பத்துக்கும் பிறப்பிலேயே வித்தியாசம். மூக்கையன் கதையில் அப்படியில்லை. இரண்டு பேரும் ஒரே ரத்தம். இருவர் வீட்டிலும் காசு இருக்கிறது. ஒரு தலைமுறைக்கு முன்னால் ஒரு கிளை பட்டணம் போனது, இன்னொன்று ஊரிலேயே இருந்தது, அவ்வளவுதான். நான் வேலைக்குச் சேர்ந்து கோவைக்கு வந்த நாளில் இங்கே பார்த்ததும் அச்சு அசல் இதே கதை. 1932இல் பைகாரா மின்சாரம் வந்த பிறகு இந்த ஊரில் மில்கள் எப்படிப் பெருகின என்று உங்களுக்கே தெரியும். அந்த மில்களில் போட்ட பணத்தில் பெரும்பங்கு பருத்திக் காட்டிலிருந்து வந்தது. பொள்ளாச்சியில் மாட்டுவண்டி வைத்திருந்த நாச்சிமுத்துக் கவுண்டர் 1931இல் ஏ.பி.டி. பஸ் கம்பெனி ஆரம்பித்தார். அவர் மகன் மகாலிங்கம் கிண்டியில் இன்ஜினீயரிங் படித்தார். வண்டியிலிருந்து பஸ்ஸுக்கும், பஸ்ஸிலிருந்து காலேஜுக்கும் ஒரே தலைமுறைதான். நிர்மலா காலேஜ் 1948இலும் அவினாசிலிங்கம் காலேஜ் 1957இலும் வந்த பிறகு பெண் பிள்ளைகளும் படித்தார்கள். அண்ணன் வீடு ரேஸ் கோர்ஸில், தங்கச்சி வீடு தோட்டத்துச் சாளையில். சீர் செனத்திக்குக் கூடும்போது ஒரு பந்தியில் உட்காருவார்கள். ஆனால் தட்டில் சாப்பிடுவதா இலையில் சாப்பிடுவதா, பேச்சில் 'ங்க' போடுவதா வேண்டாமா என்பதிலெல்லாம் முகம் சுளிப்பு வந்துவிடும். முறைப்பெண்ணைக் கட்டுவது என்றால் அந்த முகச்சுளிப்பையும் சேர்த்துக் கட்டுவதுதான். ஆகையால் சோழவந்தான் கதை என்று சினிமாக்காரர்கள் சொன்னாலும், கொங்கு நாட்டு ஜனங்கள் அதைத் தங்கள் வீட்டுக் கதையாகவே பார்த்தார்கள்.

இதற்கு மேல் ஒரு பொருத்தம் அந்த வருஷம் சேர்ந்துகொண்டது. பம்புசெட் மின்கட்டணத்தை உயர்த்தியதை எதிர்த்து வையம்பாளையம் நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் 1970இல் ஒரு சுற்றுப் போராடியிருந்தார்கள். 1972இல் மறுபடியும் எழுந்தார்கள். அப்போதுதான் ஆயிரக்கணக்கான மாட்டுவண்டிகளை ஓட்டிக்கொண்டு வந்து கோயம்புத்தூர் வீதிகளில் நிறுத்தினார்கள். ஊரே நின்றுவிட்டது. நான் சைக்கிளைத் தோளில் தூக்காத குறையாக வண்டிகளுக்கு நடுவில் நுழைந்து ஆபீஸ் போனேன். காளைகள் அசை போட்டுக்கொண்டிருக்க, வண்டிக்கு அடியில் சாக்கு விரித்து விவசாயிகள் படுத்திருந்தார்கள். சண்டை பட்டணத்துக்காரனோடு அல்ல, அரசாங்கத்தோடுதான். ஆனால் ஆபீஸ் குமாஸ்தாக்களான எங்களுக்கு அது பட்டிக்காடு பட்டணத்துக்குள் வந்து உட்கார்ந்தது போலத்தான் இருந்தது. சாணி நாற்றம் என்று ஒருவர் மூக்கைப் பிடித்தார். அவர் அப்பாவும் தோட்டம் வைத்திருந்தவர்தான். அந்தப் போராட்டம் கடைசியில் துப்பாக்கிச் சூடு வரை போய், உயிர்ப் பலியும் நேர்ந்தது. சினிமாவில் போல அது கல்யாணப் பந்தலில் முடியவில்லை.

அந்தக் கோடையில்தான் நானும் என் மனைவியும் படத்துக்குப் போனோம். கல்யாணமாகிச் சில மாதங்கள்தான். அவள் கோபி பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவள், எட்டாவது வரை படித்தவள். நான் பிரெஞ்சு படித்தவன் என்ற மிதப்பு எனக்கு இருந்தது, மறைப்பதற்கில்லை. எங்கள் வீட்டில் மூக்கையன் அவள், கல்பனா நான் என்று வேண்டுமானால் சொல்லலாம். மூக்கையன் கை நீட்டிய இடத்தில் தியேட்டர் அதிர்ந்தது. விசில், கைதட்டல். படம் விட்டு டவுன்ஹால் வழியாக நடந்து வரும்போது அவள் கேட்டாள்: "ஏனுங்க, அந்தப் புள்ளைய அடிச்சதுக்கு எதுக்குங்க எல்லாரும் கை தட்டுனாங்க?"

"சினிமாதானே" என்றேன்.

"நீங்களுந்தானுங்க தட்டுனீங்க."

அதற்குப் பிறகு வீடு வரும் வரை வேறு ஏதோ பேசினோம். ஆனால் அந்தக் கேள்வி போகவில்லை. அவள் கிராமத்துக்காரி. மூக்கையன் ஜெயித்தால் சந்தோஷப்பட வேண்டியவள் அவள்தானே. தன் ஊர்க்காரன் ஜெயித்த மாதிரி அவளுக்குத் தோன்றவில்லை. அடி வாங்கியது ஒரு பெண் என்றுதான் தோன்றியிருக்கிறது.

சட்டப்படி பார்த்தால், கல்பனா போன்ற பெண்ணுக்கு 1972இல் என்ன வழி இருந்தது? 1955ஆம் வருஷத்து இந்து திருமணச் சட்டத்தில் கொடுமை என்ற காரணத்துக்காக விவாகரத்து கிடையாது. பிரிந்து வாழ்வதற்கு மட்டும் கோர்ட்டில் தீர்ப்பு வாங்கலாம். அந்தத் தீர்ப்புக்குப் பிறகும் இரண்டு வருஷம் சேராமல் இருந்தால்தான் விவாகரத்துக்கு மனுப் போடலாம். இரண்டு பேரும் சம்மதித்துப் பிரிவதற்கும் சட்டத்தில் இடமில்லை. இவை இரண்டும் 1976 திருத்தத்தில்தான் வந்தன. ஆகவே படத்தில் அவள் திருந்தி வருவதை டைரக்டரின் விருப்பம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. வக்கீலிடம் போயிருந்தாலும், கொஞ்சம் பொறுத்துப் போம்மா என்றுதான் சொல்லியிருப்பார்.

விதியைப் பாருங்கள். கல்பனாவாக நடித்தவர் 1991இல் முதலமைச்சரானார். மறு வருஷம் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையத்தைத் திறந்தார். புருஷன் அடித்தால் போய்ச் சொல்ல ஒரு இடம். அவருக்கு இந்தப் படம் ஞாபகம் வந்ததா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அவரிடம் கேட்கிற தைரியம்தான் யாருக்கு இருந்தது?

பிறகு வந்த படங்களில் காற்று கொஞ்சம் மாறியது. கோபிக்குப் பக்கத்தில் வெள்ளாங்கோவிலில் பிறந்த பாக்யராஜ் 1983இல் 'முந்தானை முடிச்சு' எடுத்தார். அதில் படித்தவன் புருஷன், வாத்தியார். படிக்காத கிராமத்துப் பெண் பொய்ச் சத்தியம் பண்ணி அவனைக் கட்டிக்கொள்கிறாள். இழுபறி முழுக்க அவள் கையில். ஊர்வசிக்கு அது முதல் தமிழ்ப் படம். முருங்கைக்காயைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை.

ஆனால் எனக்குப் பிடித்தது 1995 பொங்கலுக்கு வந்த 'சதி லீலாவதி'. பாலுமகேந்திரா டைரக்‌ஷன், கிரேஸி மோகன் வசனம். அதில் உடைகிற குடும்பம் நாகரிகமான பட்டணத்துக் குடும்பம். அதை ஒட்ட வைக்க வருகிறவர்கள் நம்ம ஊர்த் தமிழ் பேசும் டாக்டர் சக்திவேல் கவுண்டராகக் கமலும், அவர் மனைவி பழனியாகக் கோவை சரளாவும். அந்த அம்மாள் புருஷனைச் சந்தேகப்பட்டுச் சத்தம் போடுவாள், சண்டை பிடிப்பாள். யாரும் அவளைத் திருத்தவில்லை. அவள் பேச்சுக்காக மட்டுமில்லாமல், அவள் கேட்கிற கேள்வி நியாயமாக இருப்பதாலும் ஜனங்கள் சிரித்தார்கள். கொங்குத் தமிழைக் கேலிக்கு வைக்கிறார்கள் என்று சிலர் அப்போது வருத்தப்பட்டது உண்டு. எனக்கு அப்படிப் படவில்லை. லீலாவதியாக நடித்தவர் ஊர்வசியின் அக்கா. அவர் பெயர் கல்பனா!

ஞாயிற்றுக்கிழமை டிவியில் அந்த அடிக்கிற இடம் வந்தபோது என் மனைவி எழுந்து பால் காய்ச்சப் போய்விட்டாள். நானும் சத்தத்தைக் குறைத்தேன். ராக்கம்மா பாட்டு எப்போதோ முடிந்திருந்தது, ஆனால் அவள் அடுப்படியில் அதைத்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பாட்டு அவளுக்கு அன்றைக்கும் பிடிக்கும், இன்றைக்கும் பிடிக்கும்.