சங்கு ஓய்ந்த ஆலைகளின் நிலம்

கோயம்புத்தூரையோ மதுரையையோ போலத் தருமபுரி ஒரு பஞ்சாலை நகரமாக வளரவில்லை. ஆயினும் தமிழகத்து ஆலைத் தொழிலாளர் வரலாற்றின் முதல் பக்கங்களை எழுதியவர்களுள் ஒருவர் அடங்கியிருப்பது இம்மாவட்டத்து மண்ணில்தான். 1908ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் தூத்துக்குடிக் கோரல் ஆலையில் தொடங்கிய வேலைநிறுத்தத்தை வ.உ. சிதம்பரனாரோடு நின்று நடத்தி, கூலி உயர்வையும் வார விடுமுறையையும் தொழிலாளருக்குப் பெற்றுத்தந்த சுப்பிரமணிய சிவா, அடுத்த மாதமே கைதாகி, சிறையில் பற்றிய தொழுநோயோடு வெளிவந்து, தம் இறுதிக் காலத்தைப் பென்னாகரம் வட்டத்துப் பாப்பாரப்பட்டியில் கழித்து, 1925 ஜூலை 23 அன்று அங்கேயே மறைந்தார். அரூரை அடுத்த கோபாலபுரத்தில் உள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இன்றும் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. ஆலை ஓடும் காலத்தில் உழைப்புக்கு என்ன பங்கு என்பது சிவாவின் தலைமுறை எழுப்பிய கேள்வி. ஆலை நின்றபின் அதன் கட்டடத்திலும் நிலத்திலும் யாருக்கு என்ன பங்கு என்ற கேள்வி அதற்கு ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டுக்குப் பின்னரே எழுந்தது. அதற்கான விடை கூலி ஒப்பந்தங்களில் அல்லாமல், நகரமைப்புச் சட்டத்தின் நில உபயோக விதிகளுக்குள் எழுதப்பட்டது.

நில உபயோக விதி என்பது, ஒரு ஊரின் நிலப்பரப்பைக் குடியிருப்பு, வணிகம், தொழிற்சாலை, நிறுவனம், வேளாண்மை என்று வகை பிரித்து, ஒவ்வொரு வகையிலும் எதைக் கட்டலாம், எவ்வளவு கட்டலாம் என்று வரையறுக்கும் ஏற்பாடாகும். சென்னை மாகாணத்தில் இதற்கு 1920ஆம் ஆண்டின் நகரமைப்புச் சட்டம் அடிகோலியது. அதன் இடத்தில் 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் வந்தது. ஆனால், தென்னாட்டின் பெரிய ஆலைகள் பல இவ்விரு சட்டங்களுக்கும் மூத்தவை. பெரம்பூரில் பின்னி நிறுவனத்தின் பக்கிங்ஹாம் ஆலை 1876இலும் கர்நாடிக் ஆலை 1881இலும் எழுந்தன. கோயம்புத்தூரில் ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கிய நூற்பு நெசவாலை 1888இல் வந்தது. பாபநாசம் அருவி நீரின் விசையை நம்பி ஹார்வி சகோதரர்கள் தொடங்கிய ஆலைத்தொழில் தூத்துக்குடிக்கும் மதுரைக்கும் பரவியது. 1932இல் பைக்காரா மின்சாரம் வந்தபின் கோயம்புத்தூர்ச் சமவெளியெங்கும் ஆலைகள் பெருகின. வகைப்பாடு வருவதற்கு முன்பே ஆலைகள் நின்றுவிட்டதால், பின்னாளில் வரைபடம் வரைந்தவர்கள் அவை நின்ற இடத்தையெல்லாம் தொழிற்சாலைப் பகுதி என்று குறித்துக்கொண்டார்கள். ஆலைக்குள் இருந்த குடியிருப்பு வரிசைகள், தொழிலாளர் பள்ளி, மருந்தகம், குளம் ஆகிய அனைத்தும் அந்த ஒரே குறிப்புக்குள் அடங்கிப்போயின. இது சிறு பிழை போலத் தோன்றினாலும், பிற்காலத் தகராறுகளின் வேர் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

இக்கட்டடங்களின் அமைப்பைச் சற்று நெருங்கிப் பார்க்காமல் அவற்றுக்கான விதியைப் பேச முடியாது. பஞ்சாலையின் நெசவுக் கூடம் பெரும்பாலும் ஒரே தளம் கொண்டது. அதன் கூரை ரம்பத்தின் பற்களைப் போல வரிசையாக ஏறி இறங்கும். ஒவ்வொரு பல்லின் செங்குத்தான முகமும் வடக்கு நோக்கிக் கண்ணாடி பதித்திருக்கும். நேர் வெயில் நூலின்மீது படாமல், நிழல் விழாத ஒரே சீரான வெளிச்சம் தறியின்மேல் இறங்கவேண்டும் என்பதே அதன் நோக்கம். இங்கிலாந்தில் பிறந்த இவ்வடிவம் சென்னையின் அட்சரேகைக்கு முழுவதும் பொருந்தவில்லை. ஏப்ரல் பின்பாதியிலிருந்து ஆகஸ்டு நடுப்பகுதிவரை நண்பகற் சூரியன் இங்கே தலைக்கு வடக்கே செல்வதால், அம்மாதங்களில் அதே கண்ணாடி வழியாக வெயில் உள்ளே வரும். நூல் அறாமலிருக்கக் காற்றில் ஈரம் குறையாதபடி காக்கப்பட்டதால் சுவர்கள் தடித்தவை. சன்னல்கள் இருந்தும் திறவாதவை. தூண்களுக்கிடையே இருந்த இடைவெளி எந்திர வரிசையின் அகலத்தைக் கொண்டு முடிவானது. இத்தகைய கூடத்தை அலுவலகமாகவோ கடைத்தொகுதியாகவோ மாற்றும்போது, வெளியேறும் வழிகள், காற்றோட்டம், தீத்தடுப்பு ஆகிய மூன்றையும் புதிதாகவே கணக்கிட்டாக வேண்டும். மும்பையின் கமலா மில்ஸ் வளாகத்தில் 2017 டிசம்பர் 29 அதிகாலையில் ஒரு மொட்டைமாடி உணவகத்தில் பற்றிய தீ 14 பேரைக் கொன்றது. உபயோகம் மாறும்போது பாதுகாப்பு விதியும் கூடவே மாறாவிட்டால் நேர்வது என்ன என்பதற்கு அதைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை.

ஆலை நிலத்துக்கென்று தனியே ஒரு விதியை எழுதி, அதை நீதிமன்றம்வரை கொண்டுசென்று சோதித்துப்பார்த்த நகரம் இந்தியாவில் மும்பைதான். 1854இல் காவஸ்ஜி நானாபாய் தாவர் தொடங்கிய முயற்சியிலிருந்து வளர்ந்து, ஏறத்தாழ 600 ஏக்கரில் 58 ஆலைகளோடு பரவியிருந்த கிரண்காவ், அதாவது ஆலைகளின் ஊர், 1982 ஜனவரி 18 அன்று தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய பெரும் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு எழவே இல்லை. சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் ஈடுபட்ட அப்போராட்டம் முறைப்படி முடித்துவைக்கப்படவும் இல்லை. ஆலைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. நிலத்தின் விலையோ ஏறிக்கொண்டே போனது. 1991இல் வந்த வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகளின் 58ஆவது விதி, ஆலை நிலத்தைப் புதிதாக வளர்ச்சிக்கு உட்படுத்துவோர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை மாநகராட்சிக்குத் திறந்தவெளிக்காகவும், இன்னொரு பங்கை அரசின் வீட்டுவசதி அமைப்புக்காகவும் விட்டுக்கொடுத்து, எஞ்சியதை மட்டும் தாங்கள் வைத்துக்கொள்ளலாம் என்று வகுத்தது. நெரிசலில் மூச்சுத்திணறிய ஒரு நகரம் தனக்குத்தானே எழுதிக்கொண்ட விதிகளில் இதைப்போல் துணிவானது அரிது.

அவ்விதியில் ஒரு வாசல் திறந்திருந்தது. பழைய கட்டடத்தை இடிக்காமல் அதன் உள்ளேயே உபயோகத்தை மாற்றிக்கொண்டால் பங்கு எதையும் தரவேண்டியதில்லை. ஆகவே பல உரிமையாளர்கள் இடிப்பதைத் தவிர்த்துச் சுவர்களை நிறுத்திவைத்தார்கள்; பீனிக்ஸ் ஆலை கடைத்தொகுதியானது இத்தகைய சூழலில்தான். கட்டடங்கள் சில பிழைத்தன என்றால் அது மரபுமீது கொண்ட மதிப்பினால் மட்டும் அன்று, கணக்கின் வசதியாலும்தான். 2001இல் அரசு விதியைத் திருத்தியபோது இக்கணக்கு தலைகீழானது. கட்டடம் நின்ற பரப்பை ஒதுக்கிவிட்டு, ஆலை வளாகத்தில் அதுவரை கட்டப்படாமல் கிடந்த நிலத்தை மட்டுமே மூன்றாகப் பிரித்தால் போதும் என்று திருத்தம் கூறியது. ஆலை வளாகங்களில் பெரும்பகுதி கட்டடமாகவே இருந்ததால், பொதுமக்களுக்குரிய பங்கு பெரிதும் சுருங்கியது. கட்டடத்தை இடித்துவிட்டு அதே அளவு பரப்பைக் கோபுரமாக எழுப்புவது உரிமையாளருக்கு ஆதாயமானது. பம்பாய்ச் சுற்றுச்சூழல் செயற்குழு 2005இல் தொடுத்த வழக்கில், இடித்தபின் காலியாகும் நிலமும் பங்கீட்டுக்கு உட்பட்டதே என்று உயர்நீதிமன்றம் அவ்வாண்டு அக்டோபரில் தீர்ப்பளித்தது. 2006 மார்ச் 7 அன்று உச்சநீதிமன்றம் அதை மாற்றித் திருத்தத்தையே நிலைநிறுத்தியது. எந்த நிலம் காலி என்று எண்ணப்படவேண்டும் என்ற ஒற்றை வரையறையில் ஒரு நகரத்தின் பூங்காக்களும் தொழிலாளர் வீடுகளும் அடங்கியிருந்தன. திருத்தத்தில் தொழிலாளருக்கு வீடு என்ற வாக்குறுதி இருந்தது உண்மை. விண்ணப்பித்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல், கட்டப்பட்ட வீடுகளோ அதில் ஒரு சிறு பகுதி.

தமிழ்நாட்டில் இத்தகைய தனி விதி எழுதப்படவே இல்லை. 1918 ஏப்ரல் 27 அன்று பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் பிறரும் சேர்ந்து சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கியது பின்னி ஆலைத் தொழிலாளரைக் கொண்டுதான். இந்தியத் தொழிற்சங்க வரலாறு பெரம்பூரைச் சுற்றாமல் எழுதப்படுவதில்லை. அந்த ஆலை 1996இல் மூடப்பட்டபின், அதன் வெற்றுக் கூடங்கள் பல ஆண்டுகள் திரைப்படப் படப்பிடிப்புக்கு வாடகைக்கு விடப்பட்டு, பிறகு அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு இடம் விட்டன. இன்று நடைமுறையில் உள்ள தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் (2019) ஆலை நிலத்தைப் பிற மனைகளைப் போலவே எண்ணுகின்றன: தொழிற்சாலை வகைப்பாட்டிலிருந்து மறுவகைப்பாடு பெறவேண்டும்; பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையானால், சாலைகள் நீங்கலாகப் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளிக்காக உள்ளாட்சிக்குத் தானமாக எழுதித்தரவேண்டும். நலிந்த பிரிவினரின் வீடுகளுக்கென ஓர் ஒதுக்கீடும் உண்டு. புன்செயாக இருந்து மனைப்பிரிவாகும் நிலத்துக்கும், நூறாண்டு வரலாறு கொண்ட ஆலை நிலத்துக்கும் கணக்கு ஒன்றே. மூன்றில் இரண்டு பங்கைக் கேட்ட 1991ஆம் ஆண்டின் மும்பை விதியோடு இந்தப் பத்தில் ஒன்றை ஒப்பிட்டால், பெரம்பூரில் இழக்கப்பட்டது எவ்வளவு என்பது விளங்கும்.

கட்டடத்தைக் காக்கும் சட்டமும் தாமதமாகவே வந்தது. சென்னை அண்ணாசாலையின் பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் தொடர்பான வழக்கில் 2010இல் உயர்நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பையொட்டிச் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தில் பாரம்பரியப் பாதுகாப்புக் குழு அமைந்தது. மாநிலம் முழுவதற்குமான பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012இல் இயற்றப்பட்டது. இதற்கு முற்றிலும் வேறான வழியைச் சில நாடுகள் முன்பே கண்டிருந்தன. அமெரிக்காவின் லோவெல் நகரில் 1978ஆம் ஆண்டுச் சட்டம், பழைய பஞ்சாலைகளைக் கொண்ட தேசிய வரலாற்றுப் பூங்காவை நிறுவியதோடு, சுற்றியுள்ள தனியார் ஆலைக் கட்டடங்களுக்கான பாதுகாப்பு நெறிகளை வகுக்கத் தனி ஆணையம் ஒன்றையும் அமைத்தது. இங்கிலாந்தின் சால்டயர் ஊரில் 1986இல் நின்ற ஆலையை மறு ஆண்டே ஜோனதன் சில்வர் என்பவர் வாங்கிக் கலைக்கூடமும் பணியிடமுமாக மாற்றினார். 2001இல் அவ்வூர் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. ஆலையை மட்டும் தனியே எண்ணாமல், அதைச் சுற்றியிருந்த தொழிலாளர் வீடுகளையும் சேர்த்து ஒரே ஊராகக் கருதியது அங்கே விளைந்த நன்மைக்கு முதற்காரணம்.

கோயம்புத்தூரின் நிலை இன்னும் முடிவாகாத ஒன்று. 1968இல் நிறுவப்பட்ட தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் கீழ், 1974ஆம் ஆண்டின் நாட்டுடைமைச் சட்டத்தால் நலிந்த ஆலைகள் பல வந்தன. எஞ்சி ஓடிய 23 ஆலைகளும் 2020 மார்ச் மாத ஊரடங்கோடு நின்றுபோயின. கோயம்புத்தூரின் பங்கஜா, கம்போடியா, முருகன், ரங்கவிலாஸ் ஆலைகள் அவற்றுள் அடக்கம். நகரத்தின் நடுவே நிற்கும் இவ்வளாகங்கள் பொதுத்துறைச் சொத்து ஆகையால், இங்கே திறந்தவெளியையும் பொதுப் பயனையும் தொழிலாளர் பங்கையும் விதியாக்குவது தனியார் நிலத்தைவிட எளிது. மும்பைக்குக் கிடைத்து நழுவிய வாய்ப்பு கோயம்புத்தூருக்கு இன்னும் நழுவவில்லை.

தருமபுரிக்கு வந்தால், இம்மாவட்டம் 1965 அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து பிரிந்து உருவாகி, 2004இல் கிருஷ்ணகிரியைத் தன்னிலிருந்து பிரித்துக்கொடுத்தது. ஓசூரின் தொழிற்பேட்டைகள் அப்போதே எல்லைக்கு அப்பால் போயின. எஞ்சிய பெரிய ஆலைகள் பாலக்கோட்டிலும் கோபாலபுரத்திலும் உள்ள இரு கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளே. மழை பொய்த்துக் கரும்பு வரத்துக் குறையும்போது அரவைப் பருவம் தடுமாறுவது இப்பகுதிக்குப் புதிதன்று. அரவை நிற்கும்போது ஆலை ஊழியரோடு வெட்டுக்கூலிகளும் வண்டிக்காரர்களும் சேர்ந்தே வேலை இழக்கிறார்கள். இங்கே மும்பையின் பங்கீட்டுக் கணக்கில் இல்லாத ஒரு தரப்பும் உண்டு: கூட்டுறவு ஆலையின் உறுப்பினர்களும் பங்குதாரர்களும் கரும்பு பயிரிடும் விவசாயிகளே. ஆகவே இவ்வாலைகளின் நிலம் குறித்து என்றேனும் முடிவெடுக்கும் நாள் வந்தால், உரிமையாளர், தொழிலாளர் என்ற இரட்டைப் பிரிவு போதாது.

மாவட்டத்தின் ஊர்ப்புறங்கள் பெரும்பாலும் முழுமைத் திட்டம், அதாவது நில உபயோகங்களை வரைபடத்தோடு நிர்ணயிக்கும் ஆவணம், இன்னும் எட்டாத பகுதிகள். திட்டமில்லாப் பகுதிகளில் வேளாண் நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்றுவதை 2017ஆம் ஆண்டின் நில உபயோக மாற்ற விதிகள் கட்டுப்படுத்துகின்றன. ஆனால் ஆலை நிலம் வேளாண் நிலம் அன்று என்பதால், அதன் மறுவாழ்வைப் பற்றி அவ்விதிகள் எதுவும் பேசுவதில்லை. நல்லம்பள்ளிப் பக்கம் சிப்காட் தொழிற்பூங்கா உருவாகிவரும் இக்காலத்தில், ஊர்களின் எல்லைகளும் வகைப்பாடுகளும் புதிதாக வரையப்படும்போது, ஆலை, குடியிருப்பு வரிசை, எடைமேடை, கரும்பு வண்டிகள் நிற்கும் களம் ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியே குறித்து, நின்றுபோன ஆலையின் நிலத்தில் பொதுப்பங்கு, ஊழியர் பங்கு, உறுப்பினர் பங்கு எவ்வளவு என்று முன்கூட்டியே எழுதிவைக்க இடமிருக்கிறது. முழுமைத் திட்டத்தின் வரைவு வெளியிடப்பட்டதும் மறுப்புகளுக்கும் கருத்துகளுக்கும் கால அவகாசம் தரவேண்டும் என்பது 1971ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே உள்ள நடைமுறை. கரும்பு விவசாயிகள் சங்கங்களும் ஆலை ஊழியர் சங்கங்களும் எழுத்துமூலம் தங்கள் கோரிக்கையை வைக்கவேண்டிய இடம் அதுவே.