புல்லட்டின் முன்கால்கள்

புல்லட்டைப் பற்றிப் பேச்சு வந்தால் நம் வயதுக்காரர்கள் முதலில் அதன் சத்தத்தைச் சொல்வார்கள். அடுத்து, வலது காலில் கியர், இடது காலில் பிரேக் என்று பழகிய கதை வரும். முன் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இரண்டு குழாய்களைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை. ஃபோர்க் என்று மெக்கானிக்குகள் சொல்வது அதைத்தான். பள்ளத்தில் விழும் அடியை முதலில் வாங்குவதும், பிரேக் பிடிக்கும்போது முன்னால் சாயும் பாரத்தைத் தாங்குவதும் அதுதான். அதற்கும் ஒரு சரித்திரம் உண்டு.

ஆரம்ப கால மோட்டார் சைக்கிள், எஞ்சின் வைத்த சைக்கிள்தான். முன்னால் ஸ்பிரிங் எதுவும் கிடையாது. கல் ரோட்டில் போனால் கை மரத்துப்போகும். பிறகு ‘கர்டர்’ ஃபோர்க் வந்தது. பாலத்துக்குப் போடும் இரும்புச் சட்டம் போல இரண்டு பக்கமும் சட்டம், நடுவில் ஒரு பெரிய ஸ்பிரிங். வண்டி துள்ளாமலிருக்க உராய்வுத் தகடுகள் இருக்கும். அவற்றைக் கையாலேயே திருகி இறுக்கிக்கொள்ளலாம். பார்க்க கம்பீரமாக இருக்கும். ஆனால் சக்கரம் மேலும் கீழும் நகரக் கொஞ்சம்தான் இடம். இணைப்புகளுக்கு அடிக்கடி கிரீஸ் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் தேய்ந்து ஆட்டம் கண்டுவிடும்.

1935இல் ஜெர்மனியின் பிஎம்டபிள்யூ கம்பெனி தன் ஆர் 12, ஆர் 17 வண்டிகளில் புது ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. குழாய்க்குள் குழாய் வழுக்கிப் போகும். உள்ளே ஸ்பிரிங்கோடு எண்ணெயும் இருக்கும். சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது அந்த எண்ணெய் சின்னத் துவாரம் வழியாகப் பிதுங்கித்தான் போக முடியும். அதனால் ஸ்பிரிங் தன் இஷ்டத்துக்குத் துள்ளாது. டெலஸ்கோப் போல நீண்டு சுருங்குவதால் டெலஸ்கோப்பிக் ஃபோர்க் என்று பெயர். இரண்டாம் உலகப் போரின்போது, 1941இல், இங்கிலாந்தின் மேட்ச்லெஸ் கம்பெனியும் ராணுவத்துக்குச் செய்த ஜி3/எல் வண்டியில் இதே முறையைப் போட்டது.

அதே போரில் ரெட்டிச் ஊர் ராயல் என்ஃபீல்டு என்ன செய்தது தெரியுமா? பாராசூட் படைக்காக ‘ஃபிளையிங் ஃப்ளீ’ என்று 125 சிசி குட்டி வண்டி செய்தது. பறக்கும் தெள்ளுப்பூச்சி என்று அர்த்தம். அதன் முன் ஃபோர்க்கில் ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர் வளையங்கள்! போர் முடிந்த பிறகு அந்தக் கம்பெனியும் பெரிய வண்டிகளுக்கு எண்ணெய் ஃபோர்க்குக்கு மாறியது. 1948இல் முன்னோட்டம் காட்டி, அடுத்த வருடம் விற்பனைக்கு வந்த புதிய புல்லட்டில் முன்னால் டெலஸ்கோப்பிக் ஃபோர்க், பின்னால் அசையும் சஸ்பென்ஷன் இரண்டும் இருந்தன. 1950களின் தொடக்கத்தில் எல்லைக் காவலுக்காக நம் ராணுவம் நூற்றுக்கணக்கில் வாங்கியது இந்த 350 சிசி வண்டியைத்தான்.

அந்த ஆர்டரின் தொடர்ச்சிதான் நம் திருவொற்றியூர். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பித்தார்கள். முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைப் பூட்டினார்கள். 1960களின் தொடக்கத்துக்குள் பாகங்கள் இங்கேயே தயாராகிவிட்டன. 1970இல் இங்கிலாந்துக் கம்பெனி மூடிப்போனது. 1977இல் திருவொற்றியூர் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதி ஆனது!

அந்தக் காலத்தில் நம் ரோட்டில் ஓடிய எல்லா வண்டிக்கும் இந்த ஃபோர்க் இல்லை. போலந்து நாட்டு எஸ்ஹெச்எல் வண்டியை ஒட்டிச் செய்த பழைய ராஜ்தூத் 175ஐ நினைத்துப் பாருங்கள். சக்கரத்தைச் சுற்றிக் கனமான சட்டம், இரண்டு பக்கமும் தனி ஷாக் அப்சார்பர் என்று அது வேறு ஜாதி. பிறகு ராஜ்தூத்திலும் டெலஸ்கோப்பிக் மாடல் வந்தது.

புல்லட்டில் இன்னொரு விசேஷம் உண்டு. ஹெட்லைட் பொருத்திய ‘டூம்’ வெறும் அலங்காரம் இல்லை. ஃபோர்க் குழாய்களின் மேல் முனை மரை வைத்து அதற்குள்தான் திருகப்பட்டிருக்கும். கீழே ஒரு பிடியில் போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். இது தெரியாமல் சுத்தியலால் தட்டிக் கழற்றப் பார்த்தால் டூமின் மரை போய்விடும். கீழ்ப் பிடியின் போல்ட்டைத் தளர்த்தி, குழாயைத் திருகித்தான் இறக்க வேண்டும்.

ரிப்பேர் என்றால் பெரும்பாலும் நாலு விஷயம்தான். கீழ்க் குழாயில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்தால் ஆயில் சீல் போயிருக்கும். சீலை மாற்றும் முன் குழாயைத் துடைத்துப் பார்க்க வேண்டும். துருப் புள்ளி இருந்தால் புது சீலையும் அது கிழித்துவிடும். முன் பிரேக் பிடிக்கும்போது ‘டொக்’ என்று சத்தம் வந்தால், ஹேண்டில்பார் கோன் செட் தளர்ந்திருக்கும் அல்லது ஃபோர்க்கின் உட்புறம் தேய்ந்திருக்கும். வண்டி ஒரு பக்கம் இழுத்தால் குழாய் வளைந்திருக்கலாம். தடித்த கண்ணாடிப் பலகையில் உருட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். கடைசியாக எண்ணெய். ஒரு காலுக்குக் கால் லிட்டர்கூட வேண்டாம். ஆனால் இரண்டு காலிலும் ஒரே அளவு இருக்க வேண்டும். வருடக்கணக்கில் யாரும் அதை மாற்றுவதில்லை. பழைய எண்ணெயை இறக்கினால் சேறு போல வரும்.

இதற்கான சாமான்கள் இன்றும் ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டில் கிடைக்கின்றன. பழைய சாமான் வேண்டுமென்றால் புதுப்பேட்டை இருக்கிறது. ஒரே வடிவத்தைப் பல வருடங்கள் மாற்றாமல் செய்ததில் நமக்குக் கிடைத்த லாபம் இது. அந்தக் காலத்தில் இதையே குறையாகச் சொன்னார்கள்.

என் வீட்டில் நிற்பது 1972 மாடல். டிஸ்க் பிரேக்கோடு இருக்கும் புது மாடல் ஃபோர்க்கை அப்படியே மாற்றிவிடலாம் என்கிறான் மகன். அவன் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. 160 கிலோவுக்கு மேல் கனமுள்ள வண்டியை, இன்றைய நெரிசலில், அந்தச் சின்ன டிரம் பிரேக்கை நம்பி ஓட்ட வேண்டும். தினமும் ஆபீஸுக்குப் போகிற வண்டியாக இருந்தால் நானே மாற்றச் சொல்லியிருப்பேன். உயிரைவிட அசல் பெரிதில்லை.

ஆனால் இது ஞாயிற்றுக்கிழமை காலையில் எண்ணூர் வரை போய்வரும் வண்டி. டிரம்முக்கு நல்ல லைனிங் போட்டு, கேபிளைச் சரிசெய்து, முன்னால் போகும் வண்டிக்குத் தாராளமாக இடைவெளி விட்டால் அந்த வேகத்துக்கு அது போதும். இன்னொரு காரணமும் உண்டு. 50 வருடம் தாண்டிய வண்டிகளை ‘வின்டேஜ்’ என்று தனியாகப் பதிவு செய்ய 2021இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. டிஸ்க் தொங்கும் ஃபோர்க்கோடு போய் இது 1972 மாடல் என்று எப்படிச் சொல்வது?

அதனால் ரிப்பேர்தான் என்று முடிவு செய்துவிட்டேன். மகனும் சரி என்றுவிட்டான், பிரேக் வேலையைத் தன் கண் முன்னால்தான் செய்ய வேண்டும் என்ற கண்டிஷனோடு. உங்கள் வீட்டிலும் பழைய புல்லட் நின்றால், மாற்றுவதா வேண்டாமா என்று யோசிக்கும் முன் எவ்வளவு வேகத்தில், எந்த ரோட்டில் ஓட்டப்போகிறீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒருவேளை மாற்றத்தான் வேண்டும் என்றால், கழற்றிய பழைய ஃபோர்க்கையும் டூமையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். துடைத்து, எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றிப் பரண் மேல் வையுங்கள். பேரன் காலத்தில் யாராவது தேடுவார்கள்.