ரசக்கண்ணாடியும் முரானோத் தீவாரும்

நமது இல்லங்களில் பழைய நிலைக்கண்ணாடி மங்கிக் கறுத்தால் "ரசம் போய்விட்டது" என்று பெரியோர் கூறுவதை யாவரும் கேட்டிருக்கின்றோம். அந்த ரசமாவது பாதரசமே. அதனைக் கண்ணாடியிற் பற்றவைக்கும் வித்தையில் ஒரு காலத்தில் ஐரோப்பாவுக்கே தலைமை வகித்தவர்கள், இத்தாலி தேசத்து வெனிஸ் நகரை அடுத்த முரானோ என்னும் சிறு தீவினர். ஒரு தொழிற்கூட்டத்தாரின் சரித்திரமாகையால் நம் சங்கத்து அன்பர்கள் இதனை அறிதல் நலம்.

1291-ம் வருஷத்தில் வெனிஸ் ஆட்சியார் கண்ணாடிச் சூளைகளை முரானோவுக்கு மாற்றக் கட்டளையிட்டனர். நெருப்புப் பயமே காரணம் என்பர். இரகசியம் வெளியேறாதென்ற எண்ணமும் உடனிருந்திருக்கலாம். 1569-ல் முகக்கண்ணாடி செய்வோர் தமக்கெனத் தனிச் சங்கம் கண்டனர். உத்தரவின்றி அயல்தேசம் சென்று தொழில் செய்வது குற்றமெனச் சட்டமும் இருந்தது.

அவர்கள் வேலை செய்த விதம் வருமாறு: உருகிய கண்ணாடியை ஊதி நீண்ட குழலாக்கி, நெடுக அறுத்து, சூட்டில் விரித்துத் தகடாக்குவர். பின்பு மணலிட்டுத் தேய்த்து மெருகேற்றுவர். சமனான மேசைமீது மெல்லிய வெள்ளீயத் தகட்டைப் பரப்பி, அதன்மேற் பாதரசத்தை வார்த்து, காற்றுப் புகாவண்ணம் கண்ணாடியை மெல்லத் தள்ளி ஏற்றுவர். மேலே பாரம் வைத்து, மிகுதி ரசம் வடியும்வரை நாட்கணக்காக விட்டுவைப்பர். கைநடுக்கமுள்ளவனால் இது ஆகாது. ஆனால் இத்தொழிலே கைநடுக்கத்தைத் தருவது!

1700-ல் வெளிவந்த தொழிலாளர் நோய்கள் பற்றிய நூலில் ரமாத்ஸினி என்னும் வைத்தியர், முரானோவில் ரசம் பூசுவோர் வாதமும் மூச்சிளைப்பும் கொண்டு, தாம் செய்த கண்ணாடியிலேயே தம் துயர முகத்தைக் கண்டு நொந்ததை எழுதியுள்ளார். வித்தையைச் சட்டத்தாற் காத்த ஆட்சியார் வித்தை செய்தவன் உடலைக் காக்கக் காணோம்.

வித்தையும் நிற்கவில்லை. பதினான்காம் லூயி மன்னனின் மந்திரி கோல்பேர், 1665-ல் பாரிஸில் கண்ணாடிச் சாலை நிறுவி, முரானோ வேலைக்காரர் சிலரை மிகுந்த கூலி காட்டி இரகசியமாக வரவழைத்தார். 1684-ல் முடிந்த வெர்சாய் அரண்மனை மண்டபத்தில் பதித்த 357 கண்ணாடிகளும் பிரான்ஸிலேயே செய்யப்பட்டவை.

1835-ல் ஜெர்மானிய ரசாயன சாஸ்திரி லீபிக், கண்ணாடியில் வெள்ளியைப் படியச் செய்யும் வழியைக் கண்டார். அதன் பின்னரே, பல பத்தாண்டுகள் கழிந்து, பாதரச மேசைகள் ஒழிந்தன. கண்ணாடியிலேயே பூவும் இலையும் செய்து சட்டமிட்ட சுவர்க்கண்ணாடிகளை முரானோவில் சில பட்டறைகள் இன்றும் கைவேலையாகச் செய்து வருகின்றன. அவற்றின் பின்புறத்தில் இருப்பது வெள்ளியே.