சமநில நகரத்தில் ஏற்றமும் கைப்பிரேக்கும்

அடையாற்றின் தென்கரையில், கடல்மட்டத்துக்குச் சில மீட்டர் உயரத்தில் விரிந்து கிடக்கும் கோட்டூர்புரத்தைச் சுற்றிலும் வண்டியோட்டிகள் ஏறி இறங்க இயற்கையான மேடு என்று ஒன்று கிடையாது. பரங்கிமலை, பல்லாவரம் ஆகியவற்றின் குன்றுகளை விட்டால் தென்சென்னை முழுவதுமே ஏறக்குறைய சமநிலம்தான். ஆயினும் ஆற்றைக் கடந்து நந்தனத்துக்குச் செல்லும் கோட்டூர்புரம் பாலத்தின் சாய்வில், நெரிசல் வேளையில் முன்வண்டி நின்றதால் தானும் நின்றுவிட்ட ஒரு காரை, பின்னால் ஒட்டி நிற்கும் இருசக்கர வண்டிமீது உருண்டுவிடாமல் கிளப்புவது, புதிதாகக் கற்றவருக்கு இன்றும் பெரிய சோதனையே. இந்தத் திறமையின் வரலாறு மலைநாடுகளில் சாலைகளோடு வளர்ந்தது. சென்னையில் அது பாலங்களோடு வளர்ந்தது.

நிற்கும் வண்டியை நகரவிடாமல் பிடித்துக்கொள்ளும் வேலை, மோட்டாருக்கு முந்திய காலத்தில் வண்டிக்கு வெளியே இருந்த ஆட்களுக்கே உரியதாக இருந்தது. மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயில் தேர் மாடவீதிகளில் ஓடும்போது, சக்கரத்தின் முன் ஆப்பு வடிவ மரக்கட்டையைச் செருகி அதை நிறுத்தவும் திருப்பவும் தெரிந்தவர்களின் கைத்திறன், வடம் பிடிப்போரின் வலிமைக்குச் சற்றும் குறைந்ததன்று. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பாரத மிகுமின் நிறுவனம் திரவ அழுத்தத்தில் இயங்கும் பிரேக்குகளைச் செய்து பொருத்திய பின்னரும் முட்டுக்கட்டை போடுவோர் தேவைப்படவே செய்கின்றனர். மலைச்சாலைகளில் சரக்கு லாரி நின்றுவிட்டால், கிளீனர் குதித்து இறங்கிப் பின்சக்கரத்தின் அடியில் கட்டையோ கல்லோ வைத்ததும் இதே மரபின் தொடர்ச்சிதான். குறுகிய மலைச்சாலையில் இறங்கும் வண்டி ஒதுங்கி நின்று ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் சாலை விதிமுறைகள் கூறியதற்கும், ஏற்றத்தில் ஒருமுறை நின்ற வண்டியை மீண்டும் எடுப்பதன் கடினமே முதன்மையான காரணம்.

மோட்டார் கார் அந்த வேலையை ஓட்டுநரின் கைக்கு மாற்றியது. கைப்பிரேக் என்பது, நெம்புகோலை இழுக்கும்போது கம்பிவடம் ஒன்றின் வழியாகப் பின்சக்கரப் பிரேக்குகளை இறுக்கும் எளிய அமைப்பு. எஞ்சினின் சுழற்சியைச் சக்கரங்களோடு இணைக்கவும் பிரிக்கவும் செய்யும் கிளட்சை, முழுவதும் விடாமல் அது பற்றத் தொடங்கும் இடத்தில், அதாவது பயிற்சிப் பள்ளிகளில் ‘ஹாஃப் கிளட்ச்’ எனப்படும் நிலையில், கால் நிறுத்திக்கொள்ள, மற்றக் கால் ஆக்சிலரேட்டரை மெல்ல அழுத்த, காரின் முன்பகுதி சற்றே எழும்பி எஞ்சினின் ஒலி கனத்த அந்தக் கணத்தில் கை நெம்புகோலை இறக்கும். இரண்டு கால், ஒரு கை, ஒரு காது ஆகிய அனைத்தும் ஒருங்கே இயங்க வேண்டிய நுட்பம் இது. பெஞ்சு இருக்கையும் ஸ்டீயரிங் தண்டில் பொருத்திய கியரும் கொண்ட அம்பாசடர், பிரீமியர் பத்மினி போன்ற கார்களில், இருக்கைகளுக்கு நடுவே நெம்புகோலுக்கு இடமில்லை. சென்னைக்குத் தெற்கே வண்டலூரில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரிலோ கியரும் கைப்பிரேக்கும் இடக்கை எட்டும் இடத்தில் அருகருகே இருந்தன.

சென்னை ஓட்டுநர்கள் ஏற்றத்தைச் சந்திக்கத் தொடங்கிய வகையில் 1973ஆம் ஆண்டு குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டில்தான் நகரின் முதல் மேம்பாலமான அண்ணா மேம்பாலம், ஜெமினி சந்திப்பின் மேல் திறக்கப்பட்டது; அடையாற்றின் முகத்துவாரத்தருகே பழைய எல்பின்ஸ்டன் பாலத்துக்கு மாற்றாகத் திரு.வி.க. பாலமும் அவ்வாண்டில் பயன்பாட்டுக்கு வந்தது. 1990களின் இறுதியில் மாநகராட்சி அடுத்தடுத்து மேம்பாலங்களைக் கட்டியபோது, ஏற்றம் அன்றாடப் பயணத்தின் பகுதியாயிற்று. அடுக்குமாடிக் குடியிருப்புகளின் அடித்தளத்தில் அமைந்த கார் நிறுத்துமிடங்களின் சாய்தளங்கள், பாலங்களைவிடச் செங்குத்தான ஏற்றங்களை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தன. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15ஆம் விதி, உரிமம் கோருபவர் செங்குத்தான ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, கைப்பிரேக்கையோ ஆக்சிலரேட்டரையும் கால்பிரேக்கையுமோ முறையாகப் பயன்படுத்தி, சற்றும் பின்னுருளாமல் மீண்டும் கிளப்பிக் காட்ட வேண்டும் என்று கோருகிறது. இயற்கையான ஏற்றமே இல்லாத ஊரில் இந்த விதியை உண்மையாகப் பயிற்றுவிக்கப் பாலத்தையும் சாய்தளத்தையும் தவிர வேறு களம் இல்லை.

கையின் வேலையைக் கருவியிடம் ஒப்படைக்கும் எண்ணம் பழையது. 1936இல் அமெரிக்காவின் ஸ்டூடிபேக்கர் நிறுவனம் தன் காரில் பொருத்திய கருவியில், வண்டி மேல்நோக்கிச் சாயும்போது ஒரு சிறு குண்டு உருண்டு பிரேக் திரவத்தின் வழியை அடைத்துவிடும். கிளட்சை விட்டதும் அடைப்பு நீங்கும். மின்னணு நிறுத்தப் பிரேக் 2001 வாக்கில் ஐரோப்பியக் கார்களில் வந்தது. இதில் நெம்புகோலுக்குப் பதில் ஒரு பொத்தான் உண்டு, சிறு மின்மோட்டார் ஒன்று கம்பிவடத்தை இழுக்கவோ பிரேக் பிடிப்பானின் உள்ளே ஒரு திருகை முறுக்கவோ செய்கிறது. இந்தியாவில் 2017இல் வெளிவந்த ஜீப் காம்பஸ் இப்பொத்தானைக் கையால் கியர் மாற்றும் வகையிலும் தந்தது. ஏற்றத்தில் புறப்படும்போது, சாய்வின் அளவு, எஞ்சின் தரும் முறுக்குவிசை, கிளட்ச் மிதியின் நிலை போன்றவற்றைக் கட்டுப்பாட்டுக் கணினி கணக்கிட்டு, வண்டி முன்னே நகரப் போதிய விசை கிடைத்ததும் பிரேக்கைத் தானே விடுவிக்கும். பல கார்களில் ஓட்டுநர் இருக்கைப் பட்டை அணிந்திராவிட்டால் அது விடுவிக்காது. கால்பிரேக்கின் அழுத்தத்தை ஏறத்தாழ 2 விநாடி பிடித்து வைக்கும் ‘ஹில் ஹோல்டு’ வசதி இதிலிருந்து வேறானது; அந்த 2 விநாடிக்குள் கிளட்ச் பற்றாவிட்டால் வண்டி உருளவே செய்யும்.

நெம்புகோலைச் சிறிது சிறிதாகத் தளர்த்தி வண்டியின் கனத்தைக் கையால் உணரும் வாய்ப்பு இப்பொத்தானில் இல்லை, அது உண்மையான இழப்பே. ஆனால் கைவலு குறைந்த முதியவருக்கும் மூட்டுவலியுள்ளவருக்கும் காரோட்டும் உரிமையைப் பல ஆண்டு நீட்டித்துத் தரும் இதன் நன்மை அதனினும் பெரிது. கிளட்ச் மட்டும் இன்னும் ஓட்டுநரின் காலிலேயே இருக்கிறது: ஆக்சிலரேட்டரைப் போதிய அளவு தராமல் கிளட்சை விட்டால் எஞ்சின் அணையும், பாதி நிலையிலேயே நெடுநேரம் பிடித்து நின்றால் கிளட்ச் தட்டு தேயும், இவ்விரண்டையும் எந்தப் பொத்தானும் முற்றாகத் தடுப்பதில்லை. ஆகவே கோட்டூர்புரத்தில் இன்று பயிற்சி தருபவரும், காரில் இருப்பது நெம்புகோலோ பொத்தானோ, மாணவருக்கு முதலில் சமதரையில் ஆக்சிலரேட்டரைத் தொடாமல் கிளட்சை மட்டும் விட்டு வண்டியை ஊர்ந்துபோகச் செய்யக் கற்றுத் தந்து, அதன் பின்னரே பாலத்துக்கு அழைத்துச் செல்வது முறையாகும்.