சந்தையில் மஞ்ஞொக்கா, லயத்தில் மரவள்ளி

இலங்கையின் யட்டியாந்தோட்டைச் சந்தையில் சிங்கள வியாபாரி ‘மஞ்ஞொக்கா’ என்று கூவுவார். தோட்டத்திலிருந்து இறங்கி வரும் பெண்கள் அதே பெயரைச் சொல்லி விலை பேசுவார்கள். பையில் போட்டதும் தங்களுக்குள் அது ‘மரவள்ளி’. கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்களில் ரப்பர்க் காட்டுக்கு அடுத்த வேலியே சிங்களக் கிராமம்தான். இரண்டு பெயரும் இல்லாமல் அங்கே காலம் தள்ள முடியாது.

கிழங்கின் பிறப்பிடம் பிரேசில் பக்கம். ‘மண்டியோக்கா’ என்று போர்த்துக்கேயர் கப்பலேற்றினார்கள். சிங்களப் பெயரில் அந்தச் சாயல் இன்னும் இருக்கிறது. இலங்கைக்கு அதை 1786இல் மொரீசியஸிலிருந்து தருவித்தவர் ஒல்லாந்த ஆளுநர் வான் டி கிராஃப் என்பார்கள். திருவிதாங்கூரில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் அதைப் பரப்பினார். அந்தப் பக்கம் கப்பை, மரச்சீனி. சேலத்துக்காரருக்குக் குச்சிக்கிழங்கு.

லயத்து மக்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில் வாழ்பவர்களில், சேலம், திருச்சி வழி வந்தவர்கள் நிறைய. ஆனாலும் குச்சிக்கிழங்கு என்ற பேச்சு அங்கே காதில் விழுவதில்லை. என் ஊகம் இது: சேலத்தில் ஜவ்வரிசி ஆலைகள் வந்து கிழங்கு ஊரெல்லாம் பெருகியது 1940களில். இந்திய அரசோ 1939லேயே இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் போவதைத் தடுத்துவிட்டது. அந்தப் பெயரைக் கொண்டுவர ஆள் இல்லை.

1973, 74இல் பங்கீட்டு அரிசி சுருங்கி, கோதுமை மாவுக்கும் தட்டுப்பாடு வந்தபோது மரவள்ளிதான் சோறு. தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் விழுந்த வருடங்கள் அவை. அதைக் கண்ட கிழவிகள் சிலர் விருந்தாளிக்கு இன்றும் மரவள்ளி வைக்கக் கூசுவார்கள். பேத்திகளுக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. மழை நாளில் கட்டச்சம்பலோடு கேட்டு வாங்கித் தின்பார்கள்.

அவிப்பதில் மட்டும் பாட்டி சொல்தான் சட்டம். நீளவாக்கில் கீறி, வெளித்தோலோடு உள்ளே இருக்கும் தடித்த தோலையும் உரித்தெடுக்க வேண்டும். பச்சைக் கிழங்கில் சயனைட் உண்டாகும்; அதனால் மூடியில்லாத சட்டியில், உப்பும் மஞ்சளும் போட்டு அவித்து, தண்ணியைக் கொட்டிவிடுவார்கள். நடுநாரை உருவி எறிவார்கள். அன்றைக்குச் சாயத்தண்ணியில், அதாவது பால் விடாத தேநீரில், இஞ்சி தட்டிப் போட்டால் வீடே கத்தும்: “மரவள்ளி தின்ன வாயில இஞ்சியா?” இரண்டும் சேர்ந்தால் நஞ்சாகும் என்ற பயம். சிங்களக் கிராமத்திலும் இதே பயம்தான்.

1964 இந்திய–இலங்கை ஒப்பந்தப்படி கடல் தாண்டி இந்தியா போனவர்களில் சிலருக்குக் கன்னியாகுமரி மாவட்டத்தின் அரசு ரப்பர்த் தோட்டங்களில் வேலை கிடைத்தது. பால்வெட்டு பழகிய கை. மரமும் அதே மரம். ஆனால் கீரிப்பாறைப் பக்கத்தில் மரவள்ளி கேட்டால் மரச்சீனி என்று திருத்துவார்கள். அது போகட்டும். கேரள எல்லையோரத்தில் அந்தக் கிழங்கோடு இஞ்சி அரைத்துப் போட்ட இறைச்சிக் கறியை அல்லவா பிசைந்து சாப்பிடுகிறார்கள்!